நிறுத்தத் தெரிந்தவளுக்கு

செல்விக்கு, உன் நைனா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. எட்டு மாதமாக ஒரு வரி போடாத மனுஷன் திடீரென்று இத்தனை பக்கம் எழுதினால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள், என்னோடு மட்டும் அளந்து பேசுகிறாள். வேறு மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன், வந்து நில் என்று சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நீ வேண்டாம் என்றாய். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நான் உன்னைச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். மறுநாள் காலை பஸ்ஸில் நீ அரக்கோணத்துக்கு, உன் பள்ளிக்கூட வேலைக்கும் ஹாஸ்டலுக்கும் திரும்பிப் போய்விட்டாய். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நேராக அங்கே வந்து சேர எனக்குத் தெரியவில்லை, சுற்றிக்கொண்டுதான் வருவேன். பொறுத்துக்கொள்.

பத்து நாள் லீவில் வந்திருக்கிறேன். உத்திரமேரூர் ஏரிக்கரை மேல் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். சித்திரை வெயில். ஏரியில் பாதிதான் தண்ணீர். மத்தியான வேளையில் மீனம்பாக்கத்து ஓடுபாதையில் இல்லாத தண்ணீர் தெரியும். தூரத்தில் இறங்குகிற விமானம் அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து நடந்து வருவது மாதிரி இருக்கும். சக்கரமும் தரையும் தெரியாது, வெறும் வெள்ளை உடம்பு மட்டும் மிதந்து வரும். இங்கே நிஜத் தண்ணீர் இருக்கிறது, அது எனக்கு ஓடுபாதையாகத் தெரிகிறது. கண்ணை லேசாக மூடினால் ஒரு ஜெட் சத்தமே இல்லாமல் ஏரியில் இறங்கி, கொக்குகளுக்கு நடுவில் நின்று, மறுபடி எழும்பிப் போகிறது. இருபத்திரண்டு வருஷம் அங்கே விமானத்துச் சக்கரத்தையே பார்த்தவனுக்கு இப்படித்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

சற்றுமுன் ஒரு டயர் வண்டி வைக்கோல் ஏற்றிக்கொண்டு திருப்புலிவனம் பக்கம் போனது. மாட்டு மணி மட்டும்தான் கேட்டது, சக்கரத்தின் சத்தமே இல்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மாதிரி ஒரு வண்டியில் வைக்கோல் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, “நைனா, வண்டி போவல, மரந்தான் போவுது” என்று சொல்லியிருக்கிறாய். உனக்கு நினைவிருக்காது. அந்த வண்டியில் மாட்டியிருந்தது விமானத்து டயர். உதவாது என்று கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து வந்து வண்டிக்குப் போடுவார்கள். ஒரு காலத்தில் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடின சக்கரம், கடைசியில் மாட்டின் காலுக்குத் தக்கபடி நடந்து போகும். ஜனங்கள் விமானம் என்றால் இறக்கையைப் பார்ப்பார்கள். எனக்கு இறக்கையைப் பற்றி அதிகம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையைத் தொடுகிற அந்தக் கறுப்பு ரப்பர்தான். நூறு பேரையும் அவர்கள் மூட்டையையும் அதுதான் தாங்குகிறது. விமானம் கிளம்பலாமா வேண்டாமா என்று கடைசியாக ஒரு சந்தேகம் வந்தால், நிறுத்துவதற்கு இருப்பதும் அதுதான்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும். நம்ம பக்கத்தில் அக்கினி நட்சத்திர நாளில் சைக்கிளை வெயிலில் விடவேண்டி வந்தால் என்ன செய்வார்கள்? வால்வைத் தளர்த்தி ஒரு ‘புஸ்’ விடுவார்கள். இல்லாவிட்டால் சூட்டில் டியூப் வெடித்துவிடும் என்று பயம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். மத்தியானம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினதும் முதல் வேலை அதுதான். “மனுசனுக்கு மோர் குடுக்க ஆளில்ல, சைக்கிளுக்கு மட்டும் சூடு தணிக்கிறியா” என்று உன் அம்மா கேலி செய்வாள். உனக்கு அப்போது ஒன்பது வயது, நாம் மீனம்பாக்கத்தில் குடியிருந்தோம். நான் விமான வேலையில் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. விமானத்து டயரில் காற்றை அளப்பது ஆறினபிறகுதான், சூட்டில் அளக்கிற கருவியின் முள் ஏறித்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கக்கூடாது என்று பாடமாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அப்படியும் ஒரு மத்தியானம், இறங்கி நின்ற ஜெட்டின் இடதுபக்கச் சக்கரத்தில் கருவியை வைத்துப் பார்த்தேன். முள் கொஞ்சம் மேலே நின்றது. தரை கொதிக்கிறது, சக்கரத்திலிருந்து அனல் முகத்தில் அடிக்கிறது. என் கை தானாகப் போய் வால்வை அழுத்தியது. ஒரு ‘புஸ்’. முள் புத்தகத்தில் சொன்ன இடத்துக்கு வந்து நின்றதும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு எழுந்தேன். அதைக் குறிப்பில் எழுதவும் இல்லை. அந்தச் சக்கரத்தில் ஏற்கெனவே மெல்லிய கசிவு இருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை அது ஆறியிருந்தபோது யாராவது அளந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள். அவசரத்தில் யாரும் அளக்கவில்லை. அதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

காற்று குறைந்த டயர் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, செல்வி. சைக்கிள் டயர் மாதிரி சப்பென்று உட்காராது. அங்கே சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று சோர்ந்தால் பக்கத்தில் இருப்பது அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, இரண்டும் நன்றாக இருப்பதாகக் காட்டும். ஆனால் சுற்றும்போது சோர்ந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். உள்ளே சூடு ஏறும். ரப்பருக்குள் இருக்கிற நூல் அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியும். வெளித்தோல் பளபளவென்று புதுசாகவே இருக்கும்.

மறுநாள் மத்தியானம் அதே விமானம் நிறைய ஆட்களோடு கிளம்பியது. நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கானலில் அது ஓட ஆரம்பித்தது, பாதி தண்ணீருக்குள் மூழ்கினது போல. ஒரு சத்தம். தெருக்கோடியில் யாரோ வெடி போட்டது மாதிரிதான் இருந்தது. பின்னால் கறுப்புக் கறுப்பாக ஏதோ பறந்தது, காக்கைக் கூட்டம் என்று நினைத்தேன். அதற்குள் விமானத்தின் மூக்கு தாழ்ந்தது, எஞ்சின் எதிர்ப்பக்கம் உறுமியது. ஓடுபாதை இன்னும் நிறைய மிச்சம் இருக்கும்போதே அது நின்றுவிட்டது. நின்றபிறகு அப்படி ஓர் அமைதி. எந்தச் சக்கரம் என்று யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லோரோடும் நானும் ஓடினேன். சக்கரத்திலிருந்து புகை. எங்கள் போர்மேன் பின்னாலிருந்து கத்தினார்: “டேய், சைடுல போவாத! முன்னாலேர்ந்து போ, இல்ல பின்னாலேர்ந்து போ! வெடிச்சா பக்கத்துலதான்டா அடிக்கும்!” விமானம் நின்ற பிறகுதான் பிரேக்கின் சூடு மெல்ல மெல்லச் சக்கரத்துக்குள் ஏறும். அது வெடிக்காமல் இருக்க உருகுகிற அடைப்பான் ஒன்று வைத்திருப்பார்கள். அது உருகி, மிச்சமிருந்த டயர்களும் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு உட்கார்ந்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஏணி வைத்து ஜனங்களை இறக்கினோம். யாராவது கேப்டனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறாயா? ஒருத்தர் இறங்கும்போதே ஆரம்பித்தார்: “இன்னாய்யா வண்டி ஓட்றீங்க? டவுன் பஸ்ஸுகூட பஞ்சர் ஆனா ஓரமா போய் நிக்கும்யா. காலைலேர்ந்து ஒரே பேஜாரு!” கேப்டன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது பார். ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் போய் இறங்கியிருக்கலாம். அதனால்தான் நிறுத்தினவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. கம்பெனியிலும் ஒரு டயர் போனதற்கா இத்தனை அமளி என்று முணுமுணுத்தார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேப்டனிடமே விளக்கம் எழுதி வாங்கினார்கள். நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், உன் நோட்டில் கணக்குப் பாடம் பார்த்தேன், ஒன்றும் நடக்காதவன் மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் போர்மேனிடம் போய், “நான்தான் சார் காத்து எறக்குனேன், சூட்டுல” என்றேன். அவர் என்னை அடித்திருந்தால் தேவலை. “படிச்சவன்தானடா நீ?” என்று மட்டும் கேட்டார். அதற்குப்பிறகு ஒரு வருஷம் விமானத்தின் பக்கமே விடாமல் உள்ளே டயர் கழுவும் இடத்தில் போட்டார்கள். சரியான தண்டனைதான்.

கேப்டன் ஒருநாள் அங்கே வந்தார். நான் எழுந்து நின்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “எத்தனை நாள் யோசிச்சு சொன்னே?” என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். “எனக்கு மூணு செகண்டுகூட இல்லைப்பா” என்றார். பிறகு, கழுவி வைத்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு பொறுமையாகச் சொன்னார். ஓடும்போது ஒரு வேகம் இருக்கிறதாம், ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வார்களாம். அதற்கு முன்னால் என்றால் நிறுத்தலாம். தாண்டிவிட்டால் டயரே போனாலும் மேலே போய்த்தான் இறங்கவேண்டும், ஏனென்றால் நிறுத்துவதற்கு வேண்டிய டயரே அப்போது இருக்காது, பாதையும் போதாது. “சத்தம் கேட்டுது. எஞ்சினா, டயரா, எதுவும் தெரியலை. அந்த வேகம் இன்னும் வரலைன்னு மட்டும் தெரிஞ்சுது, நிறுத்திட்டேன். காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டு நிறுத்தலாம்னு இருந்தா பாதை தீர்ந்து போயிருக்கும். இப்ப எல்லாரும் காரணம் கேக்கறாங்க. காரணம் எப்பவும் அப்புறமாத்தான் கிடைக்கும்.”

இதையெல்லாம் கேட்டு மண்டையை மண்டையை ஆட்டினவன் நான். புதுசாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவனும் நான்தான். இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் காஞ்சிபுரம் போயிருந்தோம், மாப்பிள்ளையும் அவன் தங்கச்சியும்கூட வந்திருந்தார்கள். திரும்பி வந்ததும் நீ என்னைத் தோட்டத்துப் பக்கம் கூப்பிட்டாய். “நைனா, கடை வாசல்ல அவரு தங்கச்சி கைய புட்ச்சி முறுக்குனாரு” என்றாய். அண்ணன் தங்கச்சி சண்டை வூட்டுக்கு வூடு கீறதுதான் என்றேன். நீ விடவில்லை. “அது இல்ல நைனா. அந்தப் பொண்ணு அழல. கைய தடவிக்கினு, சிரிச்சிக்கினே உள்ள வந்து, அண்ணி இந்த கலர் உங்களுக்கு நல்லாகீதுன்னு சொல்லுது. அதான் எனக்குப் பயமாகீது.” அந்த ஒரு வார்த்தையில் நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். பாரத்தைச் சுமந்துகொண்டு வெளியே பளபளவென்று காட்டுகிறதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நானோ, “பத்திரிகை குடுத்தாச்சு, பந்தக்கால் நட்டாச்சு, இத்துனூண்டு விசயத்துக்கு யாராச்சும் கல்யாணத்த வாணான்னுவாங்களா? தாலி ஏறினா எல்லாம் சரியாப்பூடும்” என்றேன். அதாவது முதலில் பறக்கலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

மறுநாள் கூடத்தில் உன் மாமன், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், எல்லோரும் உன்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது ஒரே கேள்வி. காரணம் இன்னா, காரணத்தச் சொல்லு. உன்னிடம் ஒரு பெண்ணின் மணிக்கட்டும் உன் பயமும்தான் இருந்தன. “எனக்குப் பயமாகீது, வாணாம்” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். முகம் வியர்த்து வழிந்தது. அப்போது நான் பக்கத்திலிருந்து எழுந்து வந்தேன். “என் மானத்த வாங்கிட்ட. நீ எனக்குப் பொறக்கவே இல்ல” என்றேன். ஒரு மனுஷி ஓடின ஓட்டத்தில் தன்னையே பிடித்து நிறுத்திக்கொண்டு, உடம்பெல்லாம் சூடாக நிற்கிற நேரம் அது. அப்போது தள்ளி நின்று ஆறவிடவேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறவன், நேராகப் பக்கவாட்டில் போய் விழுந்தேன். சைக்கிளுக்குச் செய்ததை, விமானத்துக்குச் செய்ததை, உனக்கும் செய்தேன். சூட்டைப் பார்த்துப் பயந்து காற்றைப் பிடுங்கிவிட்டேன்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது, செல்வி. ஊர் என்ன சொல்லும் என்கிற பயம். உன் பயம் உன் வாழ்க்கையைப் பற்றியது, என் பயம் பந்தலைப் பற்றியது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அவன் கெட்டவன் என்று நிரூபிக்க நான் எங்கேயும் போய் விசாரிக்கவில்லை. நீயும் விசாரிக்காதே. வேறு பெண்ணைக் கட்டி ஒழுங்காகவே இருக்கலாம், யார் கண்டது. நீ நிறுத்தினது சரி என்பதற்கு அவன் கெட்டுப்போக வேண்டிய அவசியம் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் சொன்ன கணக்கு இரும்புக்கும் ரப்பருக்கும்தான். தாலி கழுத்தில் ஏறியிருந்தால் பிறகு நிறுத்தவே கூடாது என்று என் பேச்சுக்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. மனுஷருக்கு அப்படி ஒரு கோடு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்துகிற தைரியம் எல்லோருக்கும் வராது. அன்று நின்ற விமானம் சக்கரம் மாற்றி நாலே நாளில் பறந்தது, அதே கேப்டன்தான் ஓட்டினார். உனக்கு எப்போது பறக்கத் தோன்றுகிறதோ அப்போது பறந்துகொள். தோன்றாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று வெறும் டீயில் ஓட்டாதே. அவ்வளவுதான் என் புத்திமதி.

போன வெள்ளிக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். உன் அம்மாவும் நானும் போயிருந்தோம். பந்தியில் என் பக்கத்தில் புள்ளலூர்க்காரர் ஒருத்தர், தூரத்து உறவு. சாம்பாரைக் குழைத்துக்கொண்டே, “உங்க பொண்ணு கல்யாணம் நின்னு பூட்ச்சாமே, பாவம்” என்றார். எட்டு மாதமாக இதே வார்த்தைதான். நின்னு பூட்ச்சு. மழை நின்று போனது மாதிரி, பஸ் நின்று போனது மாதிரி. நானும் எட்டு மாதமாகத் தலையைக் குனிந்து உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்னவோ, இலையிலிருந்து கையை எடுத்தேன். “நின்னு போவலீங்க. என் பொண்ணு நிறுத்துனா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றார், எதிர்ப் பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இன்னொரு முறை கேட்டிருந்தால் இன்னொரு முறை சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

உன் அம்மா எதிர்ப் பந்தியில்தான் இருந்தாள். வெயிலில் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். “இத அன்னிக்கே சொல்லியிருந்தா எம்பொண்ணு இன்னிக்கு வூட்ல இருந்திருப்பா” என்றாள்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு உனக்கு எழுதுகிறேன்.

உன் நைனா